வலப்பக்கக் கிண்ணம்

"…குடிக்கிறா எண்டு நான் சொல்லேல்லை, மணக்குது எண்டுதான் சொல்லுறன். பேரை ஆயருக்கு அனுப்ப முதல் ஒருக்கா யோசிக்க வேணும், அவ்வளவுதான்."

எங்கள் சபையில் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் பெரியவர் இதை என் காதோரமாகச் சொல்லிவிட்டுத் தேநீரை ஊதினார். ஞாயிறு காலை ஒன்பது மணி, கோயிலின் பின்னறை. பத்தரைக்கு ஆராதனை. அதற்கு முன், நானும் அண்ணையும் இருக்கும் சபைக்குழு கூடி, திருவிருந்தில் கிண்ணம் ஏந்துகிறவர்களின் பெயர்களை அனுமதி புதுப்பிக்க ஆயருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆயரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எங்கள் சபையில் யாரும் கிண்ணத்தைக் கையில் எடுக்க முடியாது. இருந்தவை இரண்டு பெயர்கள். ஒருவர் கானாவிலிருந்து வந்த தாதி. மற்றவர் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு தமிழ்ப் பெண். மணக்கிறது என்று அண்ணை சொன்னது அவரைத்தான்.

நான் சுவிஸின் துன் நகரிலிருந்து இரண்டு ரயில் மாறி இந்தக் கோயிலுக்கு வருகிறவன். ஹோட்டல் குசினியில் தட்டுக் கழுவத் தொடங்கி, இன்று அதே குசினியில் சமைக்கிறேன். கொழுப்பு அடைத்த கழிவுத் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு வழித்திருக்கிறேன். பழுதாய்ப்போன மீன்பெட்டியைத் திறந்து தரம் பிரித்திருக்கிறேன். எனக்கு எதைக் கண்டாலும் வயிறு குமட்டாது என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அன்று காலை, நல்ல கோட்டுப் போட்ட ஒரு மனிதர் தேநீர் ஊதுவதைப் பார்த்துக் குமட்டியது.

அந்த மனிதர் எனக்குக் கெட்டவர் அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் அகதி முகாமில் மொழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த நாளில் என் படிவத்தை நிரப்பித் தந்தது அவர். முதல் வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் அவர். "வெள்ளைக்காரன் கேள்வி கேட்டா முதல்ல சிரி, பிறகு யோசி" என்று அவர் சொல்லித் தந்ததை நான் இன்றைக்கும் பாவிக்கிறேன். அக்காவின் படிவத்தை நிரப்பியதும் அவரேதான். அப்படிப்பட்டவரை எதிர்த்து வாய் திறப்பது என்பது அக்கா கிண்ணம் எடுத்ததிலிருந்து எனக்கு ஒன்றரை வருடம் முடியாமல் இருந்தது.

எங்கள் முறை தெரியாதவர்களுக்காக: பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி ஒன்று இருக்கிறது. சனம் வரிசையாக வந்து அதில் முழங்காலிடும். குரு அப்பம் கொடுத்துக்கொண்டு போவார். பின்னால் கிண்ணம் வரும். இடப்பக்கம் ஒரு கிண்ணம், வலப்பக்கம் ஒரு கிண்ணம். ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் எல்லோரும் ஒரு மிடறு குடிப்போம். ஏந்துகிறவர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவரிடம் கொண்டுபோவார். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆசீர்வதித்த திராட்சை இரசம், உண்மையான வைன் அது. ஏந்தியவரே பீடத்தருகில் நின்று கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கவேண்டும்.

கொரோனா நேரம் கிண்ணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரும்பத் தொடங்கியபோது ஏந்த ஆள் தேவைப்பட்டது. எங்கள் குரு ஆங்கிலேயப் பெண். எங்கள் சனம் அவருக்கு வைத்த பெயர் பாதர் அம்மா. அவர் அக்காவைக் கேட்டார். கேட்டதில் அதிசயமில்லை. பூ வைப்பது அக்கா, பீடத்துணி தோய்த்து இஸ்திரி போட்டு மினுக்குவது அக்கா. மருத்துவமனைச் சலவையில் ஐந்து நாள் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை இரண்டு பஸ் ஏறி வந்து கோயிலைக் கூட்டி, கழிப்பறையைக் கழுவுவதும் அக்கா. சுவரில் புட்ஸ்பிளான் என்று சுத்தம் செய்யும் முறை எழுதிய தாள் தொங்கும். முதலில் அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் மாறி ஒருவருக்கு இடுப்பில் நாரி நோவு வந்தது. இப்போது நாலு சனிக்கும் ஒரே பெயர்.

"தாளை ஏன் இன்னும் தொங்க விடுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ர பேரை நாலு இடத்தில அச்சில பாக்க எனக்கு விருப்பம்" என்றார். "வேற எங்க போடப் போறாங்கள்?"

அக்காவின் பேச்சு அப்படித்தான். அவர் சொல்லும் சொல்லுகளைக் கேட்கவே நான் கோயில் குசினியில் கோப்பை துடைக்கும் துவாயோடு போய் நிற்பேன்.

அவர் கிண்ணம் ஏந்திய முதல் ஞாயிறு, ஆராதனைக்குப் பின் கோப்பி குடிக்கும் இடத்தில் அண்ணையின் மனைவி அவரிடம் மிகவும் அன்பாக இரண்டு கேள்வி கேட்டார். ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனீர்கள்? கோயிலுக்கு எந்தப் பக்கத்து ஒழுங்கையில் வீடு? அவ்வளவுதான். ஒரு ஆளின் சாதியை அறிய எங்கள் ஆட்களுக்கு மூன்றாவது கேள்வி தேவைப்பட்டதில்லை. அக்காவுக்கும் ஏன் கேட்கிறார்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டே அந்த ஒழுங்கைத் தெருவின் பெயரைச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கூடிப் பேசித் தீர்மானித்ததாக எனக்குத் தெரியாது. தமிழர் நாங்கள் எப்போதும் இடப்பக்கத்து மர வாங்குகளில் உட்கார்ந்து இருப்போம். அக்காவின் கிண்ணம் இடப்பக்கம், கானா தாதியின் கிண்ணம் வலப்பக்கம். அடுத்த ஞாயிறு அண்ணையின் குடும்பம் வலப்பக்கம் போய் இருந்தது. ஹீட்டர் அங்கேதான் நன்றாக வேலை செய்கிறதாம். அதற்கு அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு குடும்பம். ஈஸ்டர் பெருநாளுக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். வெயில் காலம் வந்தும் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். என் மனைவியும் ஒருநாள், "சனமெல்லாம் அங்க இருக்கேக்க நாங்கள் மட்டும் இங்க என்னத்துக்கு?" என்றாள். நானும் எழும்பிப் போனேன். இரண்டு மாதம் அந்தப் பக்கம் இருந்தேன். அதை எழுதும்போது இப்போதும் வாய் கசக்கிறது. பிறகு நான் மட்டும் திரும்பி வந்தேன்.

இதில் இன்னொரு கூத்து. பாதர் அம்மா எங்கள் இடமாற்றத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இவ்வளவு வருடமும் தமிழர் தனியாக ஒரு பக்கம் இருக்கிறார்களே என்று அவருக்கு மனக்குறை இருந்திருக்கிறது. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், "எங்கள் தமிழ்ச் சகோதரர்கள் இப்போது எல்லோரோடும் கலந்து அமர்கிறார்கள், இது ஆவியானவரின் வேலை" என்று கண் கலங்கச் சொன்னார். வலப்பக்கத்தில் ஆமென் என்றார்கள். அண்ணையும் சொன்னார். நான் இடப்பக்கம் நாலு ஆங்கிலக் கிழவிகளோடு இருந்து என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அன்றைக்கும் முக்கால் கிண்ணத்தோடு பீடத்துக்குத் திரும்பினார்.

குசினியில் கேட்டேன், "ஏன் அக்கா, பாதர் அம்மாவுக்குச் சொன்னால் என்ன?"

"என்னெண்டு சொல்ல? அவ போய்க் கேப்பா. கேட்டா எல்லாருக்கும் சளி. சுவிசில எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் வருசம் முழுக்கச் சளி."

"அப்ப நீங்கள் விட்டிடுங்கோவன். இதென்ன கரைச்சல்."

கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊரில நாங்கள் கடைசி வாங்கில இருந்து, எல்லாரும் குடிச்ச பிறகு போய்க் குடிச்சனாங்கள். இப்ப அது என்ர கையில இருக்கு. நான் ஏன் விட வேணும்?"

அதோடு அந்தக் கதை முடிந்தது. அந்தக் கிண்ணம் அவருக்கு என்னவென்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆனால் முக்கால் கிண்ணம் இரசம் ஒரு சிறு காரியமல்ல. எங்கள் ஆட்கள் திருவிருந்துக்கு முன் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. அக்கா வெறும் வயிற்றோடு, குடியாத அத்தனை பேரின் பங்கையும் நின்று குடித்து முடிப்பார். காது சிவக்கும். ஒருமுறை படியிறங்கும்போது கிராதியைப் பிடித்துக்கொண்டார். கோப்பி நேரத்தில் சிரிப்பும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதைக் கண்டார்கள். கண்டதைச் சேர்த்து வைத்தார்கள். அவர் கிண்ணத்தைத் தொடாதவர்களே, அவர் குடிக்கிறார் என்று கதை கட்டினார்கள். அது முதலில் பெண்களிடம் ஓடி, பிறகு ஆண்களிடம் வந்து, கடைசியில் அந்த ஞாயிறு காலை தேநீர் ஆவியோடு என் காதுக்குள் வந்து சேர்ந்தது.

பாதர் அம்மா கடதாசிகளோடு உள்ளே வந்தார். கானா தாதியும் இரண்டு ஆங்கிலேயரும் வந்து இருந்தார்கள். அக்கா குழுவில் இல்லை. வெளியே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, குழுவில் எல்லோருக்கும் பொதுவான ஜெர்மன் மொழியில் நன்றாகப் பேசினார். என் காதுக்குள் சொன்ன மணம் அதில் இல்லை. அந்தச் சகோதரியின் உடல்நலம் பற்றி எங்களுக்குக் கவலை, சில காலம் ஓய்வு கொடுப்பது அவருக்கு நல்லது, என்றார். முகம் முழுக்க இரக்கம். ஒரு செத்த வீட்டில் அழுகிற ஆள்கூட அப்படி முகத்தை வைக்க மாட்டான்.

பாதர் அம்மா உண்மையிலேயே கவலைப்பட்டுவிட்டார். "அவருக்கு என்ன நோய், என்ன வருத்தம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

முதல்ல சிரி, பிறகு யோசி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குசினி ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவருக்கு வருத்தமில்லை. இடப்பக்கம் இருந்த தமிழர் வலப்பக்கம் போனது கலப்பதற்கல்ல. அவர் கையால் குடிக்காமல் இருப்பதற்கு. ஊரில் சாதி என்று ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் ரயில் மாறி மாறி இங்கே கொண்டு வந்திருக்கிறோம். நாங்கள் குடிக்காததை அவர் குடிக்கிறார். அவரிடம் மணக்கிறது என்று சிலர் சொல்வது அதுதான்.

கானா தாதிதான் மெல்லச் சொன்னார்: "என் கிண்ணம் ஒவ்வொரு ஞாயிறும் பாதியில் முடிந்துபோகிறது. நான் அவருக்குப் பெரிய கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்."

அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார், "உனக்கு ஃபோர்ம் நிரப்பித் தந்த கை இது."

"ஓம் அண்ணை. அவவுக்கும் நீங்கள்தான் நிரப்பினீங்கள்."

பாதர் அம்மாவின் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. தன் பிரசங்கத்தைத்தான் நினைத்திருப்பார். இரண்டு பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு ஒட்டினார். பிறகு எழும்பி, "இன்றைக்கு ஒரு கிண்ணம் போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு ஆளனுப்பும் முறை என்னுடையது. வாசலருகில் நின்று, வாங்கு வாங்காகச் சனத்தைப் பீடத்துக்கு அனுப்பவேண்டும். கானா தாதி இரண்டாம் வாங்கில் சும்மா இருந்தார். பாதர் அம்மா அப்பத்தோடு முன்னே போக, அக்கா கிராதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒற்றைக் கிண்ணத்தோடு வந்தார். அவருக்குக் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் வலப்பக்கமும் போகச் சொன்னதுமே விளங்கியிருக்கும். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தமிழர் சிலர் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டார்கள். கிண்ணம் வேண்டாம் என்பதற்கு அது அடையாளம். சிலர் குடித்தார்கள். என் மனைவி குடித்தாள். அண்ணை முழங்காலிட்டிருந்தார். பாதர் அம்மா அவருக்கு அப்பம் கொடுத்த பின் அடுத்தவரிடம் போகாமல் அங்கேயே நின்றார். அண்ணை கிண்ணத்தின் விளிம்பில் உதட்டை வைத்துத் தலையை நிமிர்த்தினார். ஏந்துகிறவருக்குக் கை பாரத்தில் தெரியும், ஆள் குடித்தாரா இல்லையா என்று. அக்கா கிண்ணத்தை எடுக்கவில்லை.

"குடியுங்கோ அண்ணை" என்றார். சத்தமில்லாமல், வீட்டில் விருந்தாளிக்குச் சொல்வதைப்போல.

அவர் குடித்தார். தொண்டை அசைந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

எழும்பி நடு வழியாகத் தன் வாங்குக்குப் போவார் என்று பார்த்தால், நேரே என்னைக் கடந்து வாசல் பக்கம் வந்தார். வாயை இறுக மூடியிருந்தார். கழிப்பறைக் கதவைத் தள்ளினார்; அது முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம் தொடங்கியிருந்தது. அண்ணை குழாயைத் திறந்து, கையைக் குவித்துத் தண்ணீர் ஏந்தி, கொப்பளித்துத் துப்பினார். மூன்று முறை துப்பினார். பிறகு சனிக்கிழமை அக்கா தோய்த்து மடித்து வைத்த துவாயை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.