மாடியேறிய ஸ்விட்ச்போர்டு

1. அஞ்சடியில் ஒரு மேசை

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இலவச சட்ட கிளினிக் நடத்தினார்கள். ஊனமுற்றோர் உரிமை அவர்களுக்கு ஒரு பாடம். நான் அங்கே கிளார்க். பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவன். கோயிலுக்குப் போய் விபூதி பூசிக்கொண்டுதான் கதவைத் திறப்பேன்.

முதல் நாளே வெட்கக்கேடு. கிள்ளானிலிருந்து சக்கர நாற்காலியில் வந்த பார்வதி என்ற பெண், படிக்கட்டைப் பார்த்து நாற்காலியை அப்படியே நிறுத்திவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கான கிளினிக்கை மாடியில் வைத்திருக்கிறோமே என்பது அதுவரை எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மேசையை இறக்கிக் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் போட்டேன்.

மாணவர் சுரேஷ், பார்வதியோடு கூட வந்த அவர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "அவங்களுக்கு என்ன பிரச்சினை?"

"போலியோ வந்தது காலுக்குத்தான் லா, வாய்க்கு இல்ல. என்னைக் கேளுங்க!" என்றார் பார்வதி.

சுரேஷின் காது சிவந்துவிட்டது. மாணவர்களை மேற்பார்க்க வந்திருந்த விரிவுரையாளர் அம்மா சிரித்தார். "இன்னைக்குப் பாடம் முடிஞ்சது. எழுதிக்கோ."

2. சமரசப் பேச்சு

பார்வதி ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் டெலிபோன் ஆப்பரேட்டர். ஸ்விட்ச்போர்டை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் இல்லை. மேலே ஏற முடியாதவர் என்று சொல்லி வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

ஊனமுற்றோருக்கென்று தனிச் சட்டம் அப்போது நாட்டில் கிடையாது. தக்க காரணமில்லாமல் வேலை நீக்கக் கூடாது என்ற தொழிற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் தொழிலுறவு அலுவலகத்துக்கு மனு எழுத, நான் டைப் அடித்தேன். அங்கே முதலில் நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை. பார்வதியேதான் பேச வேண்டும். மூன்று சனிக்கிழமை சுரேஷ் மேனேஜராக நடித்து அவரை மடக்கிப் பார்த்தார்.

பேச்சு நடந்த நாள் தொழிலுறவு அலுவலகத்தில், திறந்த கதவுக்கு வெளியே "முருகா, முருகா" என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்செல்லாம் மலாய் மொழியில், தமிழில் சொல்கிறேன்.

"இவங்களால மேல ஏற முடியலையே, நாங்க என்ன பண்றது?" என்றார் மேனேஜர்.

பார்வதி கேட்டார்: "ஸ்விட்ச்போர்டு தானா படியேறிச்சா, சார்? நாலு பேர் தூக்கிட்டுத்தானே போனீங்க? அதே நாலு பேரைக் கூப்பிட்டு இறக்கிடுங்க."

சமரசம் பேச உட்கார்ந்திருந்த அலுவலக அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "கீழ இடம் இல்லையா?"

"ஸ்டோர் ரூம் ஒண்ணு இருக்கு…" என்று இழுத்தார் மேனேஜர்.

"அப்புறம் என்ன?"

சுரேஷ் எழுதிக் கொடுத்திருந்த நாலு பக்க வாதத்தில் பார்வதி கேட்ட அந்தக் கேள்வி இல்லவே இல்லை. சட்டம் எங்களுக்குத் தெரியும். வழி அவருக்குத்தான் தெரிந்திருந்தது. வந்தவரிடமே கேட்க வேண்டும், கேட்டு முடித்த பிறகுதான் எழுத வேண்டும். எனக்குக் கடவுள் கொடுத்த படிப்பு இதுதான்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மாணவர்கள் சுற்றி நிற்க, மாடியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு டெலிபோன் போட்டேன்.

"குட் மார்னிங்! யாரு வேணும்?" பார்வதியின் குரல்.

"நீங்கதாம்மா வேணும்," என்றேன்.

"அண்ணே, வேலை நேரத்துல லைனைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. வைங்க போனை!"

மாணவர்கள் கைதட்டிய சத்தத்தில் கீழ்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.