ரோயின்ரை மாட்டுப் பட்டியிலை நான் சொன்ன பொய்

மாடு பாக்கிற வேலையிலை ஒரு நிம்மதி இருக்கு: மாடு உங்களிட்டை ஒரு கேள்வியும் கேக்காது. அந்த வருசங்களிலை டென்மார்க்குக்கு வந்து, மனுசி பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பக் கடதாசி குடுத்திட்டு, தபால்பெட்டியைப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப்போன ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். எங்களுக்குக் கேள்வி எண்டாலே பயம்.

எனக்கு வேலை ஹேர்னிங்குக்கு வெளியிலை ஒரு மாட்டுப் பண்ணையிலை. அங்கை மேலாள் ரோய். கனடாவிலை பிளாக்ஃபுட் எண்ட ஆதிக்குடியிலை பிறந்து, குதிரையிலையே வளந்த அசல் கவ்போய். அங்கை வேலைக்குப் போன டெனிஷ் பொம்பிளை கிர்ஸ்டனைக் கட்டிக்கொண்டு இஞ்சை வந்தவர். நாலும் பொம்பிளைப் பிள்ளையள். போன கிழமை அவற்றை செத்தவீடு. பெட்டிக்கு மேலை அவற்றை தொப்பியை வைச்சிருந்தவை. வீட்டை வந்தும் மனம் ஆறேல்லை, அதுதான் எழுதக் குந்தினனான்.

முதல் நாள்

கை குடுத்த கையோடை ரோய் கேட்டது, "பிள்ளையள் எத்தினை?" எண்டு. எனக்குத் திக்கெண்டுது. மாடு பாக்க வந்தவனிட்டை இதென்ன கேள்வி?

என்ரை பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பொலிசிலை விசாரிக்கேக்கை மகள் துஷி பிறந்தது ஆவணி எண்டு சொல்லிப்போட்டன். மொழிபெயர்த்தவர் அதை ஓகஸ்ட் எண்டு எழுதிவிட்டார். பிறப்புப் பத்திரத்திலையோ செப்டெம்பர். இந்தப் பிழையாலைதான் என்ரை கடதாசி அசையாமல் கிடக்குது எண்டு நான் நித்திரை இல்லாமல் கிடந்தன். இன்னொரு பிழை விட்டால் மனுசியும் பிள்ளையும் கொழும்பு லொட்ஜிலையே கிடக்க வேண்டியதுதான். என்னோடை ஒரே வீட்டிலை இருந்த யோகன் அண்ணையும், "பொலிஸ் ஆளை விட்டுப் பாக்கும், வாயைத் திறக்காதை" எண்டு சொல்லி வைச்சவர்.

"நான் கலியாணமே கட்டேல்லை" எண்டு பட்டெண்டு சொன்னன். ரோய் என்னை மேலும் கீழும் பாத்தார். எங்கள் ரெண்டு பேருக்கும் அரைகுறை டெனிஷ்தான், ஆனால் அவர் சொன்னது வடிவாய் விளங்கினது: "அப்ப உனக்குச் சாப்பாடு கட்டித் தர ஆள் இல்லை, கிர்ஸ்டனிட்டைச் சொல்லுறன்."

பாண்

அடுத்த நாளிலையிருந்து எனக்கும் ஒரு பாண் பொட்டலம் வந்தது. நான் ஒவ்வொரு துண்டையும் திறந்து, மோந்து பாத்திட்டுத்தான் வாயிலை வைப்பன். மாட்டிறைச்சியோ எண்ட சந்தேகம் ஒண்டு. முன்னைப் பின்னைத் தெரியாதவனுக்கு ஆர் சும்மா சாப்பாடு தருவினம் எண்ட சந்தேகம் இன்னொண்டு.

ஒரு கிழமை ரோய் இதைப் பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒருநாள் என்ரை பாணிலை பாதியைப் பிச்சுத் தன்ரை வாயிலை போட்டு, ஆறுதலாய் மெண்டு விழுங்கிப்போட்டுச் சொன்னார்: "முட்டையும் வெங்காயமும். நான் இன்னும் சாகேல்லை."

ஓடின ரெண்டு பேர்

ஒரு நாம்பன் மாடு வேலியைப் பிச்சுக்கொண்டு றோட்டுக்கு ஓடிட்டுது. ரோய் குதிரையிலை ஏறிக் கயித்தைச் சுழட்டிக்கொண்டு பறந்தார் பாருங்கோ, அப்பப்பா! உருளைக்கிழங்குத் தோட்டம் தாண்டி ஒரே வீச்சு, சுருக்கு அதின்ரை கழுத்திலை. நான் வாயைப் பிளந்துகொண்டு நிக்க, ஒரு பொலிஸ் கார் வந்து நிண்டுது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எல்லோ? ஓடிப்போய்ச் சாணித் தாங்கிக்குப் பின்னாலை குந்திட்டன். அவங்கள் வந்தது றோட்டிலை வாகனங்களை மறிக்க. அவங்கள் போய் அரை மணித்தியாலத்தாலை, நாம்பனைக் கட்டிப்போட்டு ரோய் என்னைத் தேடிக்கொண்டு வந்து எட்டிப் பாத்தார். "மாடு ஏன் ஓடினது எண்டு எனக்குத் தெரியும். நீ ஏன் ஓடினனீ?"

சின்னக் கொப்பி

ரோயின்ரை சட்டைப் பைக்குள்ளை ஒரு சின்னக் கொப்பி இருந்தது. நான் மாடுகளோடை நிக்கேக்கை தள்ளி நிண்டு அதிலை ஏதோ எழுதுவார். யோகன் அண்ணையிட்டைச் சொன்னன். "நான் அப்பவே சொன்னனான், உவன் உன்னைப் பற்றி ரிப்போட் எழுதுறான்" எண்டார். பிறகு எனக்குச் சோறு இறங்குமோ?

ஒருநாள் ரோய் மேற்சட்டையை வேலியிலை கொழுவிப்போட்டு ஒரு பசுவுக்குக் கண்டு எடுக்கப் போயிட்டார். நான் கொப்பியை இழுத்தெடுத்துத் திறந்தன். ஆங்கில எழுத்திலை இருந்தது: வா. போ. நில். தண்ணி. எட சனியனே. நான் மாடுகளோடை தமிழிலைதான் கதைக்கிறனான். அதுகளும் அதுக்குப் பழகி, இப்ப ரோய் கூப்பிட்டால் திரும்பியும் பாக்காதுகள். அதுக்காக மனுசன் ஒளிச்சு நிண்டு தமிழ் படிச்சிருக்கு! எனக்கு வெக்கமாய்ப் போச்சுது.

கடைசி வரியிலை "துஷி" எண்டு எழுதிப் பக்கத்திலை ஒரு கேள்விக்குறி. தாயில்லாத கண்டுக்குப் போத்திலிலை பால் பருக்கேக்கை என்ரை பிள்ளையின்ரை பேர் என்னையறியாமல் வாயிலை வந்திருக்கு. கொப்பியைத் திரும்ப வைக்க முதல் ரோய் வந்திட்டார். கோவிக்கேல்லை. "மற்றச் சொல்லெல்லாத்துக்கும் மாடு அசையுது, அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஒண்டும் திரும்புதில்லை. அது ஆர்?"

பல்லுக்குத்து

அதுக்கும் நான் மழுப்பிப்போட்டன். ரெண்டு மாசத்தாலை பொலிசிலையிருந்து கடிதம், பத்து மணிக்குத் திரும்ப விசாரணைக்கு வரச்சொல்லி. லீவு கேக்கப் பல்லுக்குத்து எண்டு ஒரு பொய். ரோய் விட்டாரோ? தானே காரிலை ஏத்திக்கொண்டுபோய், ஹேர்னிங்கிலை பல் டொக்டரின்ரை வாசலிலை நிப்பாட்டினார். "இறங்கு, நானும் வாறன்" எண்டார். மணி பத்துக்குப் பத்து நிமிசம் இருந்தது. நல்ல பல்லைப் பிடுங்கக் குடுக்கிறதோ, உண்மையைச் சொல்லுறதோ? சொல்லிப்போட்டன். மனுசி, துஷி, ஆவணி, செப்டெம்பர், எல்லாம். சொல்லச் சொல்ல அழுகையும் வந்திட்டுது.

ரோய் முன்னுக்குப் பாத்தபடியே கதைச்சார். அவர் சின்னனாய் இருக்கேக்கை, பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிக்கூடத்திலை அடைக்க வெள்ளைக்காரர் வீடு வீடாய் வாறவையாம். தகப்பன் அவரையும் தங்கச்சியையும் வைக்கோலுக்குள்ளை ஒளிச்சு வைச்சிட்டு, "இந்த வீட்டிலை பிள்ளையளே இல்லை" எண்டாராம். அந்த முறை தப்பிச்சினம். அடுத்த வருசம் கொண்டுபோட்டாங்கள். நாலு வருசம் தாய் தகப்பனைக் காணேல்லை. ஸ்கூல் பஸ் வாற நேரத்துக்கு எந்த வேலையையும் போட்டிட்டுப் போய், தன்ரை நாலு பெட்டையளுக்கும் ரோய் காவல் நிக்கிறதைப் பண்ணையிலை நான் நெடுகப் பாத்திருக்கிறன். ஏன் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. காரைப் பொலிஸ் ஸ்டேசன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இல்லை எண்டு அவ்வளவு கெதியாய்ச் சொல்லுறவனுக்குப் பிள்ளை இருக்கும். எனக்கு முதல் நாளே தெரியும்."

பேப்பர்

அண்டைய விசாரணைக்குப் பிறகும் என்ரை கடதாசி அசையேல்லை. காரணம் ஆவணியும் இல்லை, செப்டெம்பரும் இல்லை. தமிழற்றை குடும்பக் கடதாசியளை அரசாங்கக் கந்தோரிலை வேணுமெண்டே கிடப்பிலை போட்டிருந்தவை எண்ட விசயம் பிறகு பேப்பர் முழுக்க வந்தது. நான் செய்யாத பிழைக்கு என்னை நானே எவ்வளவு காலம் திட்டியிருப்பன்! பத்தி எரிஞ்சுது எனக்கு. யோகன் அண்ணை பேப்பரை மடிச்சு வைச்சிட்டு, என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னார்: "குறை நினையாதை தம்பி, என்ரை குடும்பக் கடதாசியும் அசையாமல் கிடந்தது நீ போட்ட மொட்டைக் கடிதத்தாலை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

ஒன்பது நாள்

பிரிஞ்சு ஆறு வருசத்துக்குப் பிறகு மனுசியும் துஷியும் வந்து இறங்கிச்சினம். நான் விட்டிட்டு வரேக்கை துஷி கைக்குழந்தை. இப்ப தாயின்ரை சீலைக்குப் பின்னாலை நிண்டு என்னைக் களவெடுக்க வந்தவனைப் பாக்கிற மாதிரிப் பாத்தாள். கிட்டப் போனால் கத்தினாள். வாங்கி வைச்ச பொம்மையைத் தொடேல்லை. நான் சாப்பாட்டிலை கை வைச்சால் அவள் தன்ரை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சாள்.

பட்டியிலை ரோயிட்டைச் சொல்லி அழுதன். "புதுக் குதிரைக் குட்டிக்குக் கிட்டப் போகக்கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு உன்ரை வேலையைப் பார். அது வரும்" எண்டார். பிள்ளை குதிரையோ எண்டு கோவம்தான் வந்தது. வேறை வழியும் இல்லை. பின்னேரத்திலை வேலையாலை வந்து, குசினியிலை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவினன். எட்டு நாள் உருளைக்கிழங்குக் கறி. மனுசி முணுமுணுக்கத் தொடங்கிட்டா. ஒன்பதாம் நாள் பின்னாலை சின்னக் காலடிச் சத்தம். நான் திரும்பேல்லை. எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டு, என்ரை கையை உத்துப் பாத்திட்டுத் தாயைக் கூப்பிட்டாள்: "அம்மா, அப்பாவுக்குத் தோல் சீவத் தெரியேல்லை, கிழங்கு முழுக்கப் போகுது."

அந்தக் கந்தோர் வருசக் கணக்காய்ச் செய்து முடிக்காத விசாரணையை, ஒரு கடதாசியும் கேளாமல் என்ரை பிள்ளை ஒன்பது நாளிலை முடிச்சுப்போட்டாள்.