சலங்கை கட்டாத பதினாறு நாள்

என் மகள் மல்லிகா ஏழு வயது வரைக்கும் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மா என்றும் கூப்பிட்டதில்லை, அப்பா என்றும் கூப்பிட்டதில்லை. திடீரென்று ஏதாவது சத்தம் கேட்டால் சுவரில் தலையை மோதுவாள். ரத்தம் வந்தாலும் நிறுத்த மாட்டாள். இப்போது அதற்கு ஏதோ பெயர் சொல்கிறார்கள். அப்போது காற்று, கருப்பு என்றார்கள். அறுபதுகளின் கடைசி அது.

எனக்கு எழுத்து தெரியாது. நம் அம்மன் கோயில் மலருக்காக நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். முன்னே பின்னே போனால் பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொரட்டூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினேன். மண்ணூர்பேட்டைப் பக்கம் கம்பெனிகள் வந்த புதிது. ரயில் இறங்கும் ஆட்களை அங்கே கொண்டுபோய் விடுவேன். என் குதிரை ராஜாத்தி செவலை நிறம். கொள்ளைவிட வெல்லம்தான் பிடிக்கும் அதற்கு. கழுத்தில் ஒரு வரிசைச் சலங்கை. அது தெருமுனை திரும்பினாலே மல்லிகா அலறுவாள். குதிரைக்குப் பயப்படுகிறாள் என்றே நானும் என் மனைவி கன்னியம்மாவும் நினைத்தோம். நான் வந்து போகும் நேரமெல்லாம் அவளை உள்ளே பழைய புடவையால் கட்டிப் போடுவோம். இதைச் சொல்ல இன்றும் நாக்கு கூசுகிறது.

ஏரிக்கரை அம்மனுக்கு மூன்று ஆடி தீச்சட்டி எடுத்தேன். பிள்ளை பேச வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். பேசவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் கன்னியம்மா காய்ச்சலில் படுத்தாள். பத்தே நாள். போய்விட்டாள்.

நூம்பலிலிருந்து வந்திருந்த என் அக்கா மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டா, நீ வண்டி ஓட்டப் பூட்டா இத்த யார் பாத்துக்குவா? எம்மாம் நாளு கட்டிப் போட்டுக்கினு இருப்ப? பட்டணத்துல இந்த மாதிரி புள்ளைங்கள வெச்சிக்கிற எடம் கீதாம். உட்டுட்டு வா."

"அவ இன்னா மாடாக்கா, ஓட்டிக்கினு போய் உட்டுட்டு வர்றதுக்கு?"

"அப்போ நீயே ஊட்ல குந்திக்கினு கஞ்சி ஊத்து. அந்தக் கஞ்சிக்கு அரிசி எங்கருந்து வரும்?"

காரியம் முடிந்ததும் விட்டுவிடுவதாக ஒத்துக்கொண்டேன். அன்று கோயிலில் விழுந்து அழுதேன். பேச வை என்று கேட்கவில்லை. "தாயே, இவ என்கூடவே இருக்க ஒரு வழி காட்டு" என்றேன்.

எங்கள் ஜட்காக்காரர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் குதிரைக்குச் சலங்கை கட்ட மாட்டோம். ஒன்பதாம் நாள் காலை ராஜாத்திக்குத் தண்ணீர் காட்டி, கூட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். அக்கா கிணற்றடியில் இருந்தாள். பிள்ளையைக் கட்ட மறந்திருக்கிறாள். மல்லிகா வெளியே வந்துவிட்டாள். குதிரை மிதித்துவிடுமே என்று ஓடினேன். அவள் அலறவில்லை. நேராகப் போய் ராஜாத்தியின் வயிற்றில் கன்னத்தை வைத்தாள். குதிரை மூச்சு விட விட இவள் கன்னமும் ஏறி இறங்கியது. வெகுநேரம் அப்படியே.

அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு ஆகாதது குதிரை இல்லை, அந்தச் சலங்கைச் சத்தம். இது தெரியாமல் அத்தனை வருஷம் கட்டிப் போட்டோம். கன்னியம்மா இதைப் பார்க்காமலே போனாள். ஒன்றை எடுத்துத்தான் ஒன்றைக் கொடுப்பாயா என்று அம்மனிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு சலங்கையே கட்டவில்லை. விடிந்ததும் வண்டி பூட்டாமல், அவளை ராஜாத்தி முதுகில் ஏற்றி ஏரிக்கரையில் ஒரு நடை. பிறகு நாள் முழுக்க வண்டியில் என் பக்கத்தில்.

"இன்னா அண்ணாத்தே, புது கண்டக்டரா? டிக்கிட்டு குடுக்குமா?" என்பார்கள் ஸ்டேஷனில்.

"குடுக்கும் மாமே, நீ மொதல்ல வாய மூடிக்கினு ஏறு."

தலை மோதுவது மெல்ல நின்றது. ஒருநாள் ராஜாத்தி ஏரிக்கரையில் நின்றுவிட்டது. குதிரையைக் கிளப்ப நான் நாக்கைத் தட்டுவது வழக்கம். அன்று அந்தச் சத்தம் மேலேயிருந்து வந்தது. நிமிர்ந்தேன். மல்லிகா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவள் பேசியது அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் ராஜாத்தி செத்தது. மல்லிகா நான்கு நாள் சோறு தொடவில்லை. ஐந்தாம் நாள் என் தோளில் கன்னத்தை வைத்தாள்.

உங்கள் வீட்டில் இப்படிப் பிள்ளை இருந்தால் கட்டிப் போடாதீர்கள். அம்மனிடம் கேளுங்கள். வரம் நாம் கேட்ட உருவத்தில் வரவில்லையென்று கோயிலை விட்டுப் போய்விடாதீர்கள். எனக்கு இப்போது கால் நடுங்குகிறது. எனக்குப் பின்னால் இவளுக்கு யார்? அதையும் அம்மனிடமே ஒப்படைத்திருக்கிறேன். எந்தப் பக்கமிருந்து வழி வருமோ தெரியாது. வரும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மல்லிகா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.