மூன்றாவது அட்டை

தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. போன மாதம் தந்த, பத்து மாத்திரை கொண்ட அட்டைகள் மூன்றையும் காலியாகக் காட்டினால்தான் இந்த மாதத்துக்கு மூன்று கிடைக்கும். மாத்திரையை யாரும் வெளியே விற்றுவிடக் கூடாதாம். என் வீட்டுச் சொத்து போல அந்த விதியைக் கட்டிக் காத்தேன்.

குடவாசல் பக்கம் அரிசி ஆலையில் எடை போடும் ஒருவர் இதய மாத்திரைக்கு வருவார். காலி அட்டைகளைத் துடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருவார். கால் வீக்கம் மட்டும் வற்றவே இல்லை.

"உப்பு ஊறுகாயை விட மாட்டீங்களா?" என்று அதட்டுவேன்.

"தொடறதே இல்லீங்கம்மா" என்று சிரிப்பார்.

சம்பா நடவு சமயத்தில், பத்து நாள் முன்னதாகவே வந்து நின்றார். கையில் இரண்டு காலி அட்டைதான்.

"மூணாவது வாய்க்கால்ல விழுந்துடுச்சுங்கம்மா."

பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. விற்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க. பத்து நாள் கழிச்சு வாங்க."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து மொட்டைத் தலையோடு அவருடைய தம்பி வந்தார். வயல் கூலி.

"அண்ணன் போயிட்டாங்க. இங்க வந்துட்டுப் போன ஒரு வாரத்துல."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்கும் அதே நெஞ்சு வியாதிதாங்க. எம் பேருக்கு இன்சூரன்ஸ் கார்டு இல்ல, வெளில வாங்கக் கட்டாது. ஆளுக்குப் பாதியா ஒடச்சுப் போட்டுக்கிட்டோம். எனக்கு மூச்சு வாங்குச்சுன்னு மூணாவது அட்டையை முழுசா எனக்கே குடுத்துட்டாங்க. தனக்கு இங்க வேற வாங்கிட்டதா சொன்னாங்க."

சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது.

"அவங்க போனப்புறம் தொண்டைல எறங்கலீங்க. அவங்க பேருல வாங்குனது, ஒப்படைக்கணும்ல?"

பல வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. வாங்கிக்கொண்டேன். பதிவேட்டைப் புரட்டி அண்ணன் பெயரைத் தேடிக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்திலேயே 'மீதி இரண்டு, திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதினேன். நிமிர்ந்தபோது ஜன்னலில் அவர் இல்லை.

தனக்கும் அதே வியாதி என்று இப்போதுதான் சொல்லியிருந்தார்.