தண்ணீர் குடிக்கும் தேய்ப்புப்பெட்டி

தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் தொட்ட ஆள் செத்துப்போவார் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். இப்போதுகூட மனைவி போர்வைத் தையலைத் தேய்க்கும்போது பெட்டி 'புஸ்' என்று ஆவி விட்டால், என் கால்கள் ரப்பர் செருப்பைத்தான் தேடுகின்றன.

தொண்ணூறுகளில் எங்கள் பாறசாலை வீட்டுக்கு அப்படியொரு பெட்டியை மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவின் குழந்தைக்காக மாமி, பாலராமபுரம் கைத்தறித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, பிளக்கையும் சொருகினாள்.

"மாமி, வேண்டாம்!"

"இது இப்படியாக்கும் மக்கா" என்றவள் குனிந்து ஒரு தையலின் மேல் பெட்டியை அழுத்தினாள். அப்படியே நின்றுவிட்டாள். சூடான பருத்தி வாசத்தோடு ஆவி எழும்பி முகத்தை மறைத்தது.

"மாமி, உயிரோட உண்டா?"

மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை அழுதுகொண்டே கேட்டேன்.

கரண்ட் பிடித்தவரைக் காய்ந்த கம்பால் தட்டிவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மூலையில் காய்ந்து கிடந்த மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாமியின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டேன்.

மாமி, தையலிலிருந்து உருவி வாயில் கவ்வியிருந்த நாலு குண்டூசியை உள்ளங்கையில் துப்பினாள். "எலே, வாயில ஊசிய வச்சிட்டு நான் எப்பிடிலே பேச?"

மாமிக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லை. தையல் படிவதற்காகப் பெட்டியை நகர்த்தாமல் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். அவள் கை வீங்கிவிட்டதால் மீதிப் போர்வையை நான்தான் தேய்த்தேன், செருப்பு போட்டுக்கொண்டு.