உப்பக்காவும் சார்ஜ் பெல்ட்டும்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘உப்பக்கா’ என்பார்கள். பத்தொன்பது வருடமாக உப்பை நிறுத்துக் கரைசல் கலந்துவந்தவள். மில்லிகிராம் பிசகினாலும் கொட்டிவிட்டு மறுபடி கலப்பாள்.

அவள் அண்ணன் லாரி ஓட்டியவர். முதலில் கியர் போடும் கை சோர்ந்தது, பிறகு கால். நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். இப்போது படுத்தால் மூச்சு போதாது. முகத்தில் மாட்டும் மூச்சு மெஷின்தான் அவரைத் தூங்கவைத்தது.

“நீ அங்க அப்படி என்னதான் கலக்குற?” என்று ஒருநாள் கேட்டார்.

“நரம்புக்குள்ள இருக்கற புரோட்டீன், தண்ணியில எண்ணெய் மாதிரி துளித்துளியா சேருதுண்ணே. அதுல மின்சார சார்ஜ் இருக்கு. ஒரே சார்ஜ் ஒண்ணையொண்ணு தள்ளும். அந்தத் தள்ளல் குறைஞ்சா துளி இறுகிப்போயிடும், அப்புறம் கரையாது. சார்ஜை மாத்தினா கொஞ்ச நாள் இளகியே இருக்கு. ஆனா எல்லாம் மைக்ரோஸ்கோப்ல வைக்கற கண்ணாடித்துண்டு மேலதான். கண்ணாடி வேற, மனுஷன் வேற.”

அவர் மனதில் தங்கியது ‘சார்ஜ்’ மட்டும்தான்.

அடுத்த மாதம் ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு துளிகளின் படத்தோடு பத்திரிகையில் வந்தது. ஒரே வாரத்தில் அந்தப் படத்தை நோட்டீஸில் அச்சடித்துக்கொண்டு ஒருவன் ‘சார்ஜ் பெல்ட்’ விற்க வந்தான். அண்ணி வாங்கிவிட்டாள்.

“இதைக் கட்டிட்டா அந்த மெஷின் வேணாம்மா. ரெண்டு கரண்டும் ஒண்ணா சேரக் கூடாது,” என்றான். மெஷின் பீரோ மேல் ஏறியது.

உப்பக்கா இயக்குநரிடம் ஓடினாள். “இதுக்கும் நமக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். எங்கண்ணன் மூச்சு மெஷினைக் கழட்டிட்டாரு.”

“நமக்கெதுக்கும்மா வம்பு? நீ கரைசலைப் பாரு.”

நாற்பது பக்கக் கட்டுரை எழுதிய கைக்கு ஒரு வரி எழுத வலுவில்லை. அண்ணனுக்காவது நோய், இவருக்கு என்ன கேடு?

அவளே அண்ணனிடமிருந்து பெல்ட்டை ஒருநாள் வாங்கிப்போய், துளி வைத்த கண்ணாடித்துண்டுக்கடியில் வைத்து நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பெல்ட் வைத்த துளியும் இறுகியது, வைக்காத துளியும் இறுகியது.

“ஒரு மண்ணும் நடக்கலண்ணே. மெஷினை மாட்டு.”

அண்ணன் சிரித்தார். “கண்ணாடி வேற, மனுஷன் வேறன்னு நீதானே சொன்ன?”

அளந்து சொன்ன உண்மை அவளையே திருப்பி அடித்தது. பொய் சொல்பவனுக்கு அந்தச் சங்கடமே கிடையாது.

பதினோராம் நாள் மதியத் தூக்கத்தில் அண்ணனின் மூச்சு நின்றது. இடுப்பில் பெல்ட் இருந்தது.

மூன்று நாள் கழித்து பெல்ட் விற்றவன் மறுபடி வந்தான். “பெல்ட்டைக் குடுத்தீங்கன்னா... இன்னொரு பேஷண்ட் காத்துட்டிருக்காரு.”

உப்பக்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன்முன் வைத்தாள். பெல்ட்டைக் கத்தரியால் நறுக்கியிருந்தாள். “நாலு காந்தத் துண்டு. மிச்சமெல்லாம் பஞ்சு. நிறுத்தே பாத்துட்டேன்.”

அவன் பஞ்சை ஒதுக்கிவிட்டு, காந்தங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனான்.