பழனியாண்டி கொடுத்த இடம்

பழனியாண்டி பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில்தான். ஆனால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, கொட்டகலைப் பக்கம் ஒரு கல்குவாரியில் பத்தொன்பது வருஷம் பாறைக்குத் துளை போட்டவர். வேலை முடிந்து வந்தால் புருவம்வரை கல்தூசி வெள்ளையாக அப்பியிருக்கும். மூக்கில் கட்டிய கைலேஞ்சி சும்மா பேருக்குத்தான்.

இருமல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விலாசத்தைப் பார்த்தே ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதிக்கொண்டார்கள். எந்த ஆபீஸிலும் அப்படித்தானே எழுதுகிறார்கள், திருத்துவானேன் என்று இவரும் வாயை மூடிக்கொண்டார். காசநோயாக இருக்கலாமென்று ஆறு மாதம் குளிசை விழுங்கியும் மூச்சுவாங்கல் கூடியதே தவிரக் குறையவில்லை.

இதற்கிடையில் மனுஷன் செய்த காரியத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தோட்டத்தில் ஒருவர் விலகினால் அந்த வேலைக்குப் பிள்ளையின் பெயரைக் கொடுப்பது வழக்கம். அதே நினைப்பில் குவாரி முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, தன் இடத்தில் மகன் துஷாந்தைச் சேர்த்துவிட்டார். அதில் பெருமை வேறு.

போன செவ்வாய்க்கிழமை ஹட்டன் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த டொக்டரம்மா எக்ஸ்ரேயை இரண்டு தரம் பார்த்துவிட்டு, உண்மையில் என்ன வேலை என்று கேட்டார். இவர் சொன்னார். கல்தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, மருந்தால் அதை எடுக்க முடியாது, இனி குவாரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்றார் டொக்டர்.

“எத்தன வருஷத்துல இது புடிக்குங்க, டொக்டர்?”

“ஆளப் பொறுத்தது. தூசி கூடுன எடம்னா சீக்கிரமே வரலாம்.”

வெளியே வந்ததும் போனை எடுத்தார். மகனுக்கு ஒன்பது தடவை போன் அடித்தார். மெஷின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? பஸ்ஸோ ஹட்டனை விட்டு நகரவே மாட்டேன் என்றது. குவாரி ஏற்றத்தில் நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினார். மேலே புழுதிக்குள் மகன் யாரென்றே தெரியவில்லை. கூப்பிடவும் மூச்சில்லை.

துஷாந்தே பார்த்துவிட்டு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டும் அசையவில்லை.

“நீங்கதானப்பா கெஞ்சி வாங்கிக் குடுத்தீங்க. இப்ப விட்டுட்டு வந்தா என்ன சொல்லுவாங்க?”

“நான் வேல வாங்கிக் குடுக்கலய்யா, என் சீக்கத்தான் வாங்கிக் குடுத்திருக்கேன். எறங்கி வா.”

பிடித்த மணிக்கட்டை அவர் விடவில்லை. அப்பா விழுந்துவிடுவாரோ என்று பயந்து, தாங்கிக்கொண்டே துஷாந்த் இறங்கினான். நாளைக் காலை அவன் எந்தப் பக்கம் போவானோ என்ற பயத்தோடுதான் பழனியாண்டி வீடு போய்ச் சேர்ந்தார்.